வழியும் படைக்கலமும்: தமிழகத்தில் பயணத் தற்காப்பும் துப்பாக்கி உரிமமும்

ஆய்வுச் சுருக்கம்

நெடுவழியிலும் காட்டிலும் தங்கிச் செல்வோர் தற்காப்புக்காகப் படைக்கலம் ஏந்திய வரலாற்றை, வழிக்காவல் யார் பொறுப்பில் இருந்தது என்னும் வினாவோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பெரும்பாணாற்றுப்படை, வணிகக் குழுக்களின் கல்வெட்டுகள், பாளையக்காரர் காலக் காவல் முறை, 1801ஆம் ஆண்டின் ஆயுதத் தடை, 1860, 1878ஆம் ஆண்டுகளின் சட்டங்கள், அரசமைப்பு உருவாக்க விவாதம் ஆகியவை சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பயணியின் கையிலிருந்து படைக்கலத்தை நீக்கும் அரசு, அவனுடைய பாதுகாப்பைத் தன் கடமையாக ஏற்கிறது என்பதும், காலனிய அரசு அக்கடமையை முழுமையாக ஏற்காமலேயே படைக்கலத்தை நீக்கியது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: வழிக்காவல், வணிகச் சாத்து, தேசகாவல், ஆயுதச் சட்டம், தற்காப்பு உரிமை

முன்னுரை

தமிழகத்தில் வழிப்பயணத்தின் பாதுகாப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இரண்டு போக்குகள் மேலோங்கியுள்ளன. ஒன்று, இலக்கியங்கள் வழியின் அச்சமின்மையைப் பாடுவதைக் கொண்டு அக்கால ஆட்சியின் செம்மையை நிறுவும் போக்கு. மற்றொன்று, ஆங்கிலேயரின் ஆயுதத் தடையை வீரமரபின் அழிவாக மட்டும் காணும் போக்கு. முதலாவது, மன்னனின் புகழை அன்றாட நடைமுறையாகக் கொள்கிறது. இரண்டாவது, படைக்கலத்தைப் போர்க்களத்தோடு மட்டும் தொடர்புபடுத்துகிறது. போர் வீரரல்லாத வணிகரும் உப்பு விற்போரும் யாத்திரை செல்வோரும் வழியில் என்ன செய்தனர் என்ற வினா இவ்விரண்டிலும் விடுபட்டுப் போகிறது.

இவ்வினாவுக்கு விடை காண மூன்று துணை வினாக்கள் உதவும். வழியில் படைக்கலம் ஏந்த யாருக்கு இடமிருந்தது? வழிக்காவலின் செலவை யார் ஏற்றனர்? பொருள் பறிபோனபோது யார் ஈடு செய்தனர்? இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கினால், பயணியின் படைக்கலம் தனிமனித வீரத்தின் அடையாளம் என்பதைக் காட்டிலும் ஆட்சியின் காவல் எதுவரை எட்டியது என்பதைக் காட்டும் அளவுகோலாக அமைவது புலப்படும்.

ஆற்றுப்படையின் இரு காட்சிகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் பெற்று மீளும் பாணன் வறுமையுற்ற மற்றொரு பாணனுக்கு வழி கூறுகிறான். அவன் முதலில் பேசுவது வழியின் பாதுகாப்பையே. வழிச்செல்வோரைத் தாக்கிக் கைப்பொருளைக் கவரும் கொடியோர் இளந்திரையனின் காவல் மிக்க நிலத்தில் இல்லை என்று 39 முதல் 41 வரையுள்ள அடிகள் கூறுகின்றன. அதனைத் தொடர்ந்து, அங்கே இடி முழங்காது, பாம்பு கொல்லாது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது எனவும், ஆகவே களைத்த இடத்தில் இளைப்பாறி விரும்பிய இடத்தில் தங்கிச் செல்லலாம் எனவும் பாடல் உறுதி கூறுகிறது.

இதே பாடல் சற்று அப்பால் வேறொரு காட்சியைக் காட்டுகிறது. உமணர் உப்பு வண்டிகளோடு நெடுவழியில் செல்கின்றனர். வண்டியில் கோழிக்கூடும் உரலும் இருக்க, குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். குடும்பமே பெயர்ந்து செல்லும் பயணம் அது. அடுத்து, மலைபடு பொருளையும் கடல்படு பொருளையும் கொண்டு செல்லும் வம்பலர் வருகின்றனர். அவர்கள் காலில் செருப்பும் உடலில் சட்டையும் அணிந்துள்ளனர். அவர்களின் மார்பில் அம்பு பட்டு ஆறிய வடுக்கள் உள்ளன. கச்சில் வாள் தொங்குகிறது, சுரிகை செருகப்பட்டுள்ளது, கையில் வேல் இருக்கிறது. பிறகு மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து செல்லும் பெருவழி காட்டப்படுகிறது. அங்குச் சுங்கம் பெறப்படுகிறது. வழிகள் பிரியும் இடத்தை வில்லேந்தியோர் காக்கின்றனர்.

கள்வர் இல்லாத நாட்டில் வணிகன் வாளும் வேலும் ஏந்துவது ஏன்? பாடலின் முரணாக இதனைக் கருதத் தேவையில்லை. உறுதிமொழி பெறுபவன் பாணன். அவனிடம் யாழைத் தவிரக் கவரத்தக்க பொருள் இல்லை. படைக்கலம் ஏந்துபவன் வணிகன். அவனிடம் கைப்பொருள் உண்டு. மன்னனின் காவல் நாடு முழுவதற்குமான புகழாகப் பேசப்பட்டாலும், அது கண்கூடாக நிற்கும் இடம் சுங்கம் பெறப்படும் கவர்த்த வழியே. அரசுக்கு வருவாய் கிடைக்கும் இடத்தில் அரசின் வில் நிற்கிறது. ஏனைய நெடுவழியில் வணிகனின் கையே காவல். மார்பின் வடுக்கள் அக்காவல் பயன்பட்டதற்குச் சான்று.

மலைபடுகடாத்தை இதனோடு ஒப்பிடலாம். அங்கே கூத்தர்க்குக் கூறப்படுவது படைக்கலம் பற்றிய செய்தி அன்று. வழி பற்றிய அறிவு. தினைப்புனம் காப்போரின் கவண்கல்லுக்குத் தப்பும் முறையும், இரவில் தங்கத்தக்க இடமும் அறிவுறுத்தப்படுகின்றன. பொருளற்ற பயணிக்கு வழியறிவும் பொருளுடைய பயணிக்குப் படைக்கலமும் தற்காப்பாக அமைந்த நிலையை இவ்விரு பாடல்களும் சேர்ந்து காட்டுகின்றன.

வணிகக் குழுக்களின் படைக்காவல்

இடைக்காலத்தில் இத்தற்காப்பு தனிமனிதரைக் கடந்து நிறுவன வடிவம் பெற்றது. ஐயபொழிலைத் தம் மூலத் தலமாகக் கூறிக்கொண்ட ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் கல்வெட்டுகள் தமிழகத்திலும் கன்னட, ஆந்திரப் பகுதிகளிலும் இலங்கையிலும் கிடைத்துள்ளன. அவற்றில் வணிகரோடு சேர்த்து அவர்களைச் சார்ந்த வீரர் பிரிவினரும் பேசப்படுகின்றனர். எறிவீரபட்டினம், வீரபட்டினம் என்று சில ஊர்களுக்குப் பெயர் வழங்கப்பட்டதைச் சமுத்திரப்பட்டிக் கல்வெட்டும் இலங்கையின் வாகல்கடைக் கல்வெட்டும் காட்டுகின்றன.

எறிவீரபட்டினத்தின் இயல்பு குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரண் செய்யப்பட்ட வணிகத் தலம் என்பர் சிலர். வணிகரைக் காத்த வீரரைச் சிறப்பிக்கும் பொருட்டு அளிக்கப்பட்ட தகுதி என்பர் சிலர். மீரா ஆபிரகாம், இரா. சம்பகலட்சுமி, எ. சுப்பராயலு, நொபொரு கராஷிமா ஆகியோரின் ஆய்வுகள் இவ்விவாதத்தை வளர்த்துள்ளன. இக்கட்டுரையின் நோக்கில் இரு தரப்பும் உடன்படும் செய்தியே முதன்மையானது. வணிகர் தம் செலவில் வீரரை வைத்துக்கொண்டனர். அச்செயலைக் கல்லில் பொறித்துப் பெருமையாக அறிவித்தனர். பேரரசு வலிமையுடன் விளங்கிய சோழர் காலத்திலும் இந்நிலை நீடித்தது. அரசன் அதனைத் தன் அதிகாரத்துக்கு அறைகூவலாகக் கொள்ளவில்லை. படைக்கலம் ஏந்தும் உரிமை அரசின் தனியுடைமையாக அன்று கருதப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காவற்கூலியும் ஈடும்

விசயநகர, நாயக்கர் காலங்களில் துப்பாக்கி தென்னாட்டுப் படைகளில் இடம்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாளையக்காரரின் வீரர்களிடம் வேல், வாள், வளரி ஆகியவற்றோடு திரிபற்றவைத்துச் சுடும் துப்பாக்கியும் இருந்தது. அவ்வீரர்கள் போர்க்காலத்தில் படையாகவும் ஏனைய காலத்தில் காவலாகவும் பணியாற்றினர்.

இக்காவல் முறை இரு நிலைகளில் இயங்கியது. ஓர் ஊரின் எல்லைக்குள் அமைந்தது தலக்காவல். ஊர்களையும் அவற்றை இணைக்கும் வழிகளையும் உள்ளடக்கிய பரந்த பகுதிக்கானது தேசகாவல். இரண்டுக்கும் மக்கள் காவற்கூலி செலுத்தினர். காவல் எல்லைக்குள் பொருள் களவு போனால் காவல்காரர் அதனை மீட்டுத் தர வேண்டும். இயலாவிடில் அதன் மதிப்பை ஈடு செய்ய வேண்டும். இதுவே அம்முறையின் உயிர்நாடி. காவற்கூலியைக் கட்டாயப்படுத்திப் பெற்றதும், கூலி தராத ஊரில் காவலரே களவுக்குத் துணைபோனதும் இம்முறையின் மறுபக்கம். அதனைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும், காவலுக்கு விலை பெறுபவர் இழப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறி அங்கே இருந்தது என்பதை மறுக்க இயலாது.

1801: தடையும் இடைவெளியும்

1799 அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிக்கை, தென் பாளையங்களில் துப்பாக்கி, ஈட்டி முதலிய படைக்கலங்களைத் தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாளையக்காரரின் காவல் உரிமைகள் நீக்கப்பட்டன.

இத்தடை கிளர்ச்சியை ஒடுக்கும் நடவடிக்கை என்ற அளவில் கா. ராஜய்யன் உள்ளிட்டோரால் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. வழிப்பயணத்தின் நோக்கில் அதன் விளைவு வேறு. படைக்கலத்தோடு தேசகாவலும், அதனுடன் ஈடு செய்யும் பொறுப்பும் மறைந்தன. அவ்விடத்தில் கம்பெனி நிறுவியது என்ன? 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் ஊர்க்காவலை வருவாய்த் துறை அலுவலரின் கீழ்க் கொண்டுவந்தன. தனியான காவல்துறை சென்னை மாகாணத்தில் 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டத்தால்தான் உருவானது. தடைக்கும் முறையான காவல்துறைக்கும் இடையே 58 ஆண்டுகள் கழிந்தன.

அவ்விடைவெளியில் வழிகள் அச்சம் நீங்கியனவாக இல்லை. சென்னையில் மருத்துவராகப் பணியாற்றிய ஷெர்வுட் 1816இல் எழுதிய கட்டுரை, தென்னிந்திய வழிகளில் பயணியரோடு நட்புப் பாராட்டிக் கழுத்தை நெரித்துக் கொன்று பொருள் கவர்ந்த பான்சிகர் என்னும் கூட்டத்தாரைப் பற்றியது. தக்கர் பற்றிய காலனியச் சித்திரிப்புகளில் மிகைப்படுத்தல் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. எனினும், கம்பெனியின் எல்லைக்குள்ளேயே வழிக்கொலை நிகழ்ந்ததைக் கம்பெனியைச் சார்ந்த ஒருவரே பதிவு செய்தது குறிப்பிடத்தக்கது.

வசதியுடையோர் பெருங்குழுவாகச் செல்வதைத் தற்காப்பாகக் கொண்டனர். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். அவருடன் சென்றோர் ஏறத்தாழ நூறு பேர். பதினைந்து மாதப் பயணத்துக்கு இவ்வளவு பெரிய பரிவாரம் செல்வ நிலையைக் காட்டுவது போலவே, எண்ணிக்கையே அரணாக அமைந்த நிலையையும் காட்டுகிறது. அத்தகைய பரிவாரம் சிறுவணிகர்க்கும் தனித்த யாத்திரிகர்க்கும் எட்டாதது.

தற்காப்பு உரிமையும் ஆயுத உரிமமும்

1860ஆம் ஆண்டு இருவகைச் சட்டங்களைத் தந்தது. அவ்வாண்டின் 45ஆவது சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டம், 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை வரையறுத்தது. கொள்ளையைத் தடுக்கும் முயற்சியில் கொள்ளையனுக்கு மரணம் நேரினும், வரம்புகளுக்கு உட்பட்டு, அது குற்றமாகாது என 103ஆவது பிரிவு கூறியது. அதே ஆண்டின் 31ஆவது சட்டமோ ஆயுதங்களின் இறக்குமதி, விற்பனை, உடைமை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தியது. தற்காத்துக்கொள்ளும் உரிமையும் அதற்குரிய கருவியும் சட்டத்தில் இவ்வாறு பிரிந்தன.

லிட்டன் ஆட்சியில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டின் 11ஆவது சட்டம் இப்பிரிவை முழுமையாக்கியது. உரிமமின்றி ஆயுதம் ஏந்திச் செல்வதை அதன் 13ஆவது பிரிவும், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை 14ஆவது பிரிவும் தடுத்தன. ஏந்திச் செல்வதற்கெனத் தனிப் பிரிவு அமைந்தது கருதத்தக்கது. வீட்டில் இருக்கும் ஆயுதத்தினும் வழியில் செல்லும் ஆயுதத்தைச் சட்டம் தனியே கண்காணித்தது. ஆயுதம் என்பதன் வரையறையில் துப்பாக்கியோடு வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு ஆகியனவும் அடங்கின. பெரும்பாணாற்றுப்படை வம்பலரின் வாளும் சுரிகையும் வேலும், சுங்க வழியைக் காத்தோரின் வில்லும் இவ்வரையறைக்குள் வருகின்றன.

இச்சட்டம் எல்லோரையும் ஒரே வகையாக நடத்தவில்லை. அதன் கீழ் அமைந்த விதிகள் ஐரோப்பியருக்கு விலக்களித்தன. குடகு மக்களுக்கும் அங்குள்ள ஜம்மா நில உரிமையாளருக்கும் 1861ஆம் ஆண்டு முதல் ஆயுத விலக்கு இருந்தது. கிளர்ச்சி செய்த பகுதி படைக்கலம் இழந்தது. விசுவாசம் காட்டியதாகக் கருதப்பட்ட பகுதி அதனைத் தக்கவைத்தது. வழியின் ஆபத்து எங்கே மிகுதி என்பது இவ்விலக்குகளுக்கு அளவுகோலாகவில்லை.

இக்காலத்திலேயே இடம்பெயர்ந்து வாழ்வோரின் பயணமும் கண்காணிப்புக்கு உள்ளானது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்த வடிவில் சென்னை மாகாணத்திலும் செயற்பட்டது. உப்பும் தானியமும் பொதிமாடுகளில் கொண்டு சென்ற குறவர் குழுக்கள் இதனால் பாதிக்கப்பட்டதை மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு விளக்குகிறது. பண்டை உமணரின் தொழிலை ஒத்த தொழில் செய்தோர், வழியில் காக்கப்பட வேண்டியவர் என்ற நிலையிலிருந்து, வழியில் ஐயத்துக்குரியவர் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

மலைக்காட்டு முகாம்கள்

காட்டில் கூடாரமிட்டுத் தங்குவது பற்றிய சட்டங்களும் இவ்வேறுபாட்டையே பிரதிபலிக்கின்றன. நீலகிரியிலும் ஆனைமலையிலும் ஐரோப்பிய அலுவலரும் தோட்ட உரிமையாளரும் துப்பாக்கியோடு வேட்டை முகாம் அமைத்தனர். டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள் இவ்வாழ்க்கையின் பதிவுகள். 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் சென்னை அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி வேட்டைக்குப் பருவமும் உரிமமும் வகுத்தது. ஆயுதச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு இது. ஐரோப்பியருக்குக் காட்டுத் துப்பாக்கி விளையாட்டுக் கருவி. அது வரையறுக்கப்பட்டாலும் ஏற்கப்பட்டது. காட்டுவழியில் செல்லும் ஊர்மக்களின் கையில் அதே துப்பாக்கி உரிமம் கோரும் ஆயுதம்.

விடுதலைக்குப் பின் இவ்வேறுபாட்டின் அடிப்படை மாறியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், முன் அனுமதியின்றி எவரும் படைக்கலத்துடன் சரணாலயத்துள் நுழைவதை 31ஆவது பிரிவில் தடுக்கிறது. முதுமலையில் இன்று தங்கும் பயணி, துப்பாக்கி உரிமம் பெற்றவராயினும் அதனை உடன்கொண்டு செல்ல இயலாது. இங்குத் தடையின் நோக்கம் விலங்கின் பாதுகாப்பு. தடை இன வேறுபாடின்றிப் பொருந்துகிறது. பயணியின் பாதுகாப்பு வனத்துறையின் வழிகாட்டலையும் கண்காணிப்பையும் சார்ந்துள்ளது.

சென்னை மாநாடு முதல் அரசமைப்பு வரை

1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் விளைவிக்கும் இடர்களும், மக்களின் விசுவாசத்தின்மீது அது சுமத்தும் களங்கமும் காரணங்களாகக் கூறப்பட்டன. 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானத்தையொட்டி வகுக்கப்பட்ட அடிப்படை உரிமைகளில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

ஆயினும் அரசமைப்பில் அவ்வுரிமை சேரவில்லை. 1948 டிசம்பர்த் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதனைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எவரும் ஆயுதம் பெறுவதை அடிப்படை உரிமையாக்கினால் அரசு நிர்வாகம் நடத்த இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம். இறுதி வடிவில் 19ஆவது உறுப்பு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும், இந்திய நிலப்பரப்பெங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையையும் வழங்கியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உரிமத்துக்கு உட்பட்டதாகவே தொடர்ந்து வைத்தது. எந்த நிலப்பகுதிக்குள் அது செல்லும் என்பதையும் உரிமமே வரையறுக்கிறது.

இவ்விரு ஏற்பாடுகளையும் இணைத்துப் படிக்க வேண்டும். பயணம் அடிப்படை உரிமை. பயணத்தில் ஆயுதம் அரசின் இசைவு. முன்னதை உரிமையாக்கிப் பின்னதைத் தன் இசைவுக்கு உட்படுத்திய அரசு, வழியின் பாதுகாப்பைத் தானே ஏற்றுக்கொண்டதாகிறது. 1878இன் சட்டமும் 1959இன் சட்டமும் சொல்லளவில் பல இடங்களில் ஒத்திருப்பினும், அவற்றின் பின்னணி வேறுபடுவது இந்த ஏற்பினால்தான்.

முடிவுரை

வழியில் படைக்கலம் ஏந்தியோர் சங்க காலத்தில் வணிகர். இடைக்காலத்தில் வணிகக் குழுவின் வீரர். பின்னர்க் காவற்கூலி பெற்ற பாளைய வீரர். மூன்று நிலைகளிலும் காவலின் செலவு பயணத்தால் பயன்பெற்றோரைச் சார்ந்திருந்தது. தேசகாவலில் இழப்பீட்டுப் பொறுப்பும் சேர்ந்திருந்தது. 1801இன் தடை இத்தொடர்ச்சியைத் துண்டித்தது. அதற்கு ஈடான காவலமைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் வரவில்லை. வந்தபோதும் இழப்பை ஈடு செய்யும் கடமை அதனுடன் வரவில்லை. 1878இன் சட்டம் அக்குறையோடு இனவழி விலக்கையும் சேர்த்தது.

ஆகவே, ஆயுதத் தடையின் வரலாற்றை இழந்த வீரத்தின் கதையாகவோ, நிலைநாட்டப்பட்ட அமைதியின் கதையாகவோ மட்டும் எழுதுவது போதாது. ஒவ்வொரு தடையோடும் வழிச்செல்வோர்க்கு அரசு ஏற்ற கடமை என்ன, அதனை எவ்வளவு நிறைவேற்றியது என்பதையும் சேர்த்தே அளவிட வேண்டும். வழிக்கொள்ளை பற்றிய மாவட்ட ஆவணங்களையும், காவற்கூலி பற்றிய வருவாய்க் கணக்குகளையும், உரிமப் பதிவேடுகளையும் இந்நோக்கில் ஒப்பிட்டுப் படிப்பது அடுத்த கட்ட ஆய்வுக்கு உரியது. களைத்த இடத்தில் இளைப்பாறி விரும்பிய இடத்தில் தங்கிச் செல்லலாம் என்று பாணனுக்கு அளிக்கப்பட்ட உறுதி அன்று மன்னனின் புகழ். படைக்கலத்தை உரிமத்துக்கு உட்படுத்திய மக்களாட்சி அரசுக்கு அது கடமை.